ஷட்டரில் விழுந்த நிழல்

பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டரை மணிக்கு. குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பைக்குகளுக்கு எக்ஸ்ட்ரா லைட், ஹாரன், ஸ்விட்ச் மாட்டுவது என் தொழில். ஒரு பைக்கும் நானும் நின்றால் கடை நிறைந்துவிடும். வாசலில் ஷட்டர், மற்ற மூன்று பக்கமும் சுவர். பக்கத்திலேயே என் மச்சானின் பஞ்சர் கடை. மனைவியின் தம்பி, வாய் ஓயாத ஆள்.

அன்று ஒரு கருப்பு பைக்குக்கு இரண்டு ஃபாக் லைட் மாட்டியிருந்தேன். வெளிச்சம் சரியான உயரத்தில் விழுகிறதா என்பதை இருட்டில்தான் பார்க்க முடியும். பைக்கை ஷட்டரைப் பார்க்க நிறுத்திவிட்டு, ஷட்டரை உள்ளிருந்து இறக்கினேன்.

"என்ன மாமா, தூங்கப் போறீங்களா?" என்றான் மச்சான்.

"லைட் பாக்கணும்டா. அஞ்சு நிமிஷம்."

ஷட்டர் பக்கத்தில்தான் டியூப் லைட் ஸ்விட்ச். என் போனும் அங்கே சார்ஜில் கிடந்தது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, தடவித் தடவி வந்து பைக்கில் உட்கார்ந்தேன். ஃபாக் லைட் ஸ்விட்சைத் தட்டினேன்.

ஷட்டரில் பளிச்சென்று மஞ்சள் வெளிச்சம். நடுவில் மட்டும் இரண்டு கருப்புக் கோடுகள். ஏதோ வயர் தொங்குகிறது என்று எட்டிப் பார்த்தேன். எதுவும் தொங்கவில்லை.

சோதனைதானே என்று ஸ்விட்ச் வயரைப் பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கி விட்டிருந்தேன். என் சோம்பேறித்தனம். லைட் ஒரு நொடி அணைந்தது.

தப்...

மறுபடி எரிந்தது. கோடுகள் தடித்திருந்தன. கோடுகள் இல்லை... கால்கள். முட்டி தெரிந்தது.

நிழல் பெரிதாகிறது என்றால், நிழலுக்குச் சொந்தக்காரர் விளக்கை நெருங்குகிறார் என்று அர்த்தம். எனக்கு முன்னால் இருந்ததோ வெறும் தரை.

லைட் மறுபடி அணைந்தது.

தப்... தப்...

எரிந்தபோது கால்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. அப்போதுதான் புரிந்தது. வெளிச்சம் இருக்கும்வரை அது நகரவில்லை. இருட்டில்தான் வருகிறது. எனக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கிறது.

முறுக்கிய வயரை இடது கையால் இறுக்கிப் பிடித்தேன். லைட் நின்று எரிந்தது. "டேய்! ஷட்டரத் தூக்குடா!" என்று கத்தினேன். பக்கத்தில் காற்றடிக்கிற மெஷின் டர்ர்ர்... என்று ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. பழைய பேட்டரி.

இன்ஜினை ஓட்டினால் லைட் பிழைக்கும். ஆனால் பூட்டிய பெட்டி மாதிரி கடை. புகையிலேயே நான் போய்விடுவேன். ஸ்டார்ட்டரை அமுக்கும்போது லைட் வேறு ஒரு நொடி செத்துவிடும்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

அமுக்கினேன்.

இருட்டு.

தப்... தப்... தப்...

இன்ஜின் பிடித்தது. இரண்டு லைட்டும் எரிந்தன. ஷட்டரில் மட்டும் வெளிச்சமே இல்லை. முழுக்கக் கருப்பு.

ஹேண்டில் மெதுவாகக் கீழே இறங்கியது. யாரோ முன்னாலிருந்து இரண்டு கையாலும் அமுக்குகிற மாதிரி...

இடது கை வயரில். வலது கை ஆக்சிலேட்டரில். எதையும் விட முடியவில்லை. சத்தமாவது மச்சானுக்குக் கேட்கட்டும் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினேன். புகை. இருமல். கண் எரிச்சல். இன்னும் முறுக்கினேன்.

கட கட கட...

ஷட்டர் கொஞ்சம் ஏறியது. நின்றது. கீழே இறங்கியது. பிறகு ஒரேயடியாக மேலே போனது.

பகல்.

ஹேண்டில் டக்கென்று எழும்பியது. மச்சான் என்னை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தான். "செத்திருப்பீங்க மாமா. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று திட்டித் தீர்த்தான். சாயங்காலம் வண்டிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். லைட் பிரமாதம் என்றார்.

சில நாள் கழித்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மச்சான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, உங்க கை இப்ப பரவாயில்லையா?"

"கைக்கு என்ன?"

"அன்னைக்கு சத்தம் கேட்டு ஓடி வந்து ஷட்டரத் தூக்கினேன். உள்ள இருந்து புடிச்சு இழுத்தீங்க. அடியில விரல் வெளிய தெரிஞ்சுது. புகையில நெதானம் தப்பிடுச்சுன்னு நெனச்சேன். வேற வழி தெரியல, மிதிச்சேன். அப்பதான் விட்டீங்க."

கையை நீட்டிக் காட்டினேன். ஒரு கீறல்கூட இல்லை. நான் பைக்கை விட்டு இறங்கவே இல்லை என்று சொன்னேன். எனக்கு எதிரே ஹேண்டிலை அமுக்கிக்கொண்டு ஒன்று நின்றதையும் சொன்னேன். அப்படியென்றால் ஷட்டரைப் பிடித்தது யார்?

"எத்தன விரல்டா பாத்த?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அதத்தான் மாமா உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல... ஷட்டரோட இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் விரலாவே இருந்துச்சு."