ஆட்டோ பேட்டரியில் ஓடிய பிரின்டர்

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான், அதுவும் எலக்ட்ரானிக்ஸ்! மன்னார்புரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்கு வேலை கேட்டுப் போனேன். ஓனர், பைக்குள் அடங்கும் பழங்காலப் பிரின்டர் ஒன்றை நீட்டினார். "இதுக்கு பேட்டரி இனிமே கிடைக்காது. ஓட வச்சீங்கன்னா வேலை உங்களுக்குத்தான்."

சரியான வோல்ட்டேஜில் அடாப்டர் மாட்டினேன். விளக்கு எரிந்தது. அச்சடிக்கும் தலை நகர்ந்ததும் அணைந்தது. மறுபடியும் அப்படியே.

"என்னம்மா, படிச்சவங்களுக்கே தண்ணி காட்டுதே!" என்று ஓனர் சிரித்தார்.

சட்டென்று பொறி தட்டியது. தலை நகரும் நொடியில் கரண்ட் நிறைய வேண்டும். அதைப் பேட்டரி தந்திருக்கும்; இந்தச் சின்ன அடாப்டரால் முடியாது. வாசலில் ஆட்டோவோடு நின்ற அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, வண்டி பேட்டரியக் கழட்டட்டுமா?"

"கழட்டிக்கம்மா. சவாரி எங்க போயிடப் போவுது!"

கடையில் கிடந்த, வோல்ட்டேஜைக் குறைக்கும் சின்ன போர்டு வழியாக இணைத்து, சோதனை பட்டனை அழுத்தினேன். கிர்ரென்று தாள் வந்தது, வரிவரியாக எழுத்துகளோடு! "நாளைக்கே வந்துடுங்கம்மா" என்றார் ஓனர்.

அந்தத் தாளை அப்பா ஆட்டோவில் ஒட்டிவிட்டார். ஸ்ரீரங்கம் சவாரிகளிடமெல்லாம் "எம்பொண்ணு அடிச்சது" என்கிறார். பேட்டரியைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதை நான்தான் சொல்கிறேன். எதற்கென்றுகூடக் கேட்காமல் கழற்றிக்கொள்ளச் சொன்னாரே! என் படிப்பு முழுவதும் அப்படித்தான் ஓடியது.