பார்டர் கோலிக்கு ஊசி கேட்டு வந்தவர்கள்

எண்பதுகளில் கிள்ளானில் மிருக வைத்தியராக இருந்தேன். ஒருநாள் காலை, லோரித் தொழில் செய்யும் முனியாண்டி ஒரு கறுப்பு வெள்ளை நாயை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். கூடவே அவர் மனைவி.

"ஊசி போட்டு முடிச்சிருங்க டாக்டர். புள்ளைங்களக் கடிக்குது" என்றார் மனைவி.

பார்டர் கோலி. ஊர் திரும்பிய எஸ்டேட் மேனேஜர் கொடுத்துவிட்டுப் போனதாம். மந்தையை ஓட்டிச் சேர்க்கவே வளர்த்தெடுத்த இனம். இவர்களோ அதை ஜாகாவுக்கென்று, வீட்டுக் காவலுக்காக, வாசல் கேட்டோரம் கட்டிப்போட்டிருந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும்போதுதான் அவிழ்ப்பார்களாம். நம்மவர்களுக்கு நாய் என்றாலே காவல்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க கடிச்சது?"

"குதிகால்ல. ரத்தம் வரல. நாளைக்கு மூஞ்சியில கடிச்சா?"

பெற்றவள் பயம், குறை சொல்ல முடியாது. "மாட்டுக்கிட்ட விட்டுப் பாப்போம். அங்கயும் மோசமா நடந்தா நானே ஊசி போடுறேன்" என்றேன்.

ஜெஞ்சாரோமில் மாடு வளர்க்கும் ராமையா என் பழைய வாடிக்கையாளர். புருஷன் பெண்டாட்டி இருவரையும் நாயோடு அங்கே கூட்டிப்போனேன். ராமையா கையில் தடியோடு நின்றார்.

"செனை மாடு இருக்கு டாக்டர். கடிச்சுச்சுன்னா அடிச்சே கொன்னுருவேன்."

என் பையில் ஊசி மருந்து இருந்தது. நாயை நீளக் கயிற்றில்தான் இறக்கினேன். ஒரே இழுப்பு, கயிறு கையை விட்டுப் போய்விட்டது.

மாடுகள் மிரண்டு ஓடின. நாய் அகலமாக வளைந்து அவற்றை முந்தியது. விலகி ஓடிய கன்றின் குதிகாலில் வாய் வைத்தது. ராமையா தடியை ஓங்கினார்.

"பொறுங்கண்ணே" என்று குறுக்கே போனேன்.

கன்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. மாடுகளெல்லாம் வேலி மூலையில் ஒடுங்கி நிற்க, நாய் வயிறு தரையில் பட முன்னால் படுத்து அவற்றையே பார்த்தது. கன்றின் காலைத் தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

"எங்க புள்ளைங்களையும் இப்படித்தான் டாக்டர் மூலையில கொண்டுபோய் நிறுத்துச்சு" என்றார் முனியாண்டியின் மனைவி.

ராமையா தடியைக் கீழே போட்டார். "இங்கயே இருக்கட்டும் லா."

வேலை செய்யப் பிறந்த நாய்க்குச் சோறும் குளிப்பாட்டலும் போதாது. ஓட இடம் வேண்டும், மூளைக்கு வேலை வேண்டும். கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அதற்கு நாம் வைக்கும் பெயர் வெறி.

ஞாயிறுதோறும் முனியாண்டி பிள்ளைகளோடு அதைப் பார்க்கப் போவார். ஓடி வந்து வாலாட்டிவிட்டு, உடனே மாடுகளிடம் போய்விடுமாம். அவருக்கு அதில் மனத்தாங்கல். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சந்தோஷம்.