பின்னால் நிற்பவர்களுக்குப் பாடியவர்

தையல் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஹனிபா நானாவின் மகன் அழைத்தார். "மாமா, வாப்பா சுபஹு தொழுதுட்டு உக்காந்தாங்க. அப்படியே மவுத்தாகிட்டாங்க." மாரடைப்பு என்றார்கள். நான் நம்புகிறேன், நம்பத்தான் வேண்டும்.

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற நானாதான் எங்கள் நாட்டார் பாட்டுக் குழுவைத் தொடங்கியவர். அவர் ரபான் என்னும் ஒருபக்கத் தோல் பறை அடிப்பார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான் தப்பு அடிப்பேன். எவரும் தம் மொழியில் பாடக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். தமிழ்த் தாலாட்டைச் சிங்களவரான விமலா அக்கா பாடுவார். சிங்களத் தாலாட்டு நானாவுக்கு. எனக்குப் பாட வராது என்று தப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "ஒனக்கும் ஒரு நாள் வரும், பாரு" என்று சிரிப்பார்.

மாத்தளைக்கு வடக்கே உள்ள நாலந்தாவில் அவர் அந்தச் சிங்களத் தாலாட்டைப் பாடியபோது பின்னால் நின்ற சிலர் கைதட்டவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அது எங்க பாட்டு" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான். "ஆமா தம்பி, உங்க பாட்டுதான். வாங்க, சேர்ந்து பாடுவோம்" என்று நானாவும் சிங்களத்திலேயே அழைத்தார். அவன் வரவில்லை.

அதன்பிறகு எங்கள் இருவருக்கும் எண் தெரியாத அழைப்புகள் வரத் தொடங்கின. எடுத்தால் பேச்சிருக்காது. லக்கலையில் நிகழ்ச்சிக்கு முன் வேனைத் திறந்தால், நானாவின் ரபான் தோல் பிளேடால் கீறப்பட்டிருந்தது.

"திரும்பிப் போயிடுவோம் நானா" என்றேன்.

அவர் கீறலை விரலால் தடவினார். "பின்னுக்கு நிக்கிறவங்களுக்குத்தான் பாடணும். முன்னுக்கு இருக்கிறவங்க எப்பவோ நம்ம ஆளுங்க." அன்று தொடையில் தாளம் தட்டியே பாடி முடித்தார்.

ஜனாசா அடக்கத்தன்று பள்ளிவாசலுக்கு எதிரே, நாலந்தாவில் கத்தியவன் நின்றிருந்தான். துக்கத்துக்கு வந்தானா, நானா போய்விட்டாரா என்று உறுதிசெய்துகொள்ள வந்தானா, தெரியவில்லை. மாலையில் என் போன் அடித்தது. இம்முறை குரல் இருந்தது. யட்டவத்தை நிகழ்ச்சியில் சிங்களத் தாலாட்டை யார் பாடப் போவது என்று சிங்களத்தில் அமைதியாகக் கேட்டது.

"நான்தான்" என்றேன். சொன்ன பிறகே பயம் வந்தது. இன்னும் போகவில்லை.

விமலா அக்கா எனக்கு வரி வரியாகச் சொல்லித் தருகிறார். சனிக்கிழமை யட்டவத்தை மேடையில் உங்கள் நாற்காலியில் அந்தக் கீறிய ரபானை வைப்போம், நானா. நிம்மதியாகத் தூங்குங்கள். நான் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தே பாடுவேன். அவர்கள் வந்திருப்பார்கள்.