இடத்து வால்வை வலத்தில் போட்டுப் பார்த்த அக்கா

எங்கள் அக்கா யாரையும் எளிதில் நம்பாதவர். நினைவு மலரில் இப்படியா தொடங்குவது என்று வீட்டில் கேட்டார்கள். வேறு விதமாகத் தொடங்கினால், அவரை அறிந்த நீங்கள் இது யாருடைய அக்கா என்று கேட்பீர்கள்.

அக்கா லிங்கநகரில் மூத்த மகளாகப் பிறந்தார். அக்காவின் சிறு வயதிலேயே அப்பா காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்தி, துறைமுகத்தை அண்டிய அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்தார். அது போர்க்காலம். அழைப்பவர் யார், எதற்காக அழைக்கிறார் என்று கேட்பார். குரல் சற்றுத் தடுமாறினாலும் மறுபடி கேட்பார். அதன் பிறகுதான் இணைப்புக் கொடுப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கந்தளாய் வரை பஸ்ஸில் போய் விசாரித்துவிட்டு வந்து, "பெடியன் நல்லவன் போலதான் கிடக்கு பிள்ளை. எண்டாலும் இன்னும் ஒருக்கா விசாரிப்பம்" என்றார். அம்மாவின் மருந்தும் என் படிப்பும் என் கல்யாணமும் அவருடைய உழைப்பில்தான் நடந்தன.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கப்பல்களின் வானொலிக் கருவிகளைத் திருத்துபவர். பாட்டென்றால் உயிர். இசைத்தட்டின் மெல்லிய ஒலியை எடுத்து ஆம்பிளிபயருக்குக் கொடுக்கும் பிரீஆம்ப் பெட்டியொன்றை அவரே கட்டியிருந்தார். அதில் ஒலியைப் பெருக்கும் இரண்டு கண்ணாடி வால்வுகள். இடப்பக்க ஒலிக்கு ஒன்று, வலப்பக்க ஒலிக்கு ஒன்று. பிள்ளைகள் இல்லாத அவர்களுடைய வீடு அந்தப் பெட்டியால்தான் கலகலப்பாக இருந்தது.

அத்தான் திடீரென்று காலமானார். அதன் பிறகு அக்கா பெட்டியைத் தொடவில்லை. முதலாவது திவசம் நெருங்கியபோது அத்தானுக்குப் பிடித்த பாட்டைப் போட நினைத்து இயக்கினார். சத்தமே வரவில்லை. ஒலிபெருக்கிகளை வீட்டில் விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கழற்றிச் சந்தைப் பக்கம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த கிண்ணியா நானாவிடம் கொடுத்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். திரும்பி வந்த பெட்டி பாடியது. ஆனால் இடப்பக்கம் சோர்ந்து இரைந்தது. பாட்டும் வெறுங்குடத்துக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டது.

திவசத்துக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த அத்தானின் தம்பி கேட்ட உடனேயே கொதித்தார். "அண்ணி, இது வால்வை மாத்திப்போட்டான். நல்லதை எடுத்திட்டுப் பழசைச் செருகியிருக்கிறான். இவங்களை நம்பேலாது!" அதோடு நிற்காமல் கடை வாசலுக்கே போய், தெருவில் நின்று நானாவைக் கள்ளன் என்று ஏசினார். அடுத்த நாட்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் திருத்தக் கொடுத்திருந்த ரேடியோக்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நானா வெறும் மேசைக்கு முன்னால் இருந்ததை நானே கண்டேன். நாங்கள் எல்லோரும் அத்தானின் தம்பி சொன்னதைத்தான் நம்பினோம்.

அக்கா மட்டும் உடனே நம்பிவிடவில்லை. பிறகு ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, தம்பி பெட்டியைத் திறக்கவே இல்லையே. வால்வுதான் மாறினது எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

மின்சாரத்தை நிறுத்தி, வால்வுகள் ஆறும்வரை காத்திருந்து, துணியால் பிடித்து இரண்டையும் கழற்றினார். இடத்தில் இருந்ததை வலத்திலும் வலத்தில் இருந்ததை இடத்திலும் போட்டு மறுபடி இயக்கினார். இப்போது வலப்பக்கம் சோர்ந்து இரைந்தது. குற்றம் வால்வோடு கூடவே போயிருந்தது. திரும்பக் கழற்றிப் பார்த்தால், அத்தான் தன் வால்வுகளின் அடியில் வைக்கும் சிவப்புப் பொட்டு அந்த ஒன்றில் இல்லை.

"அப்ப நானாதான்" என்றேன்.

"பொறு."

அக்கா நேரே கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நானா முகத்தைத் திருப்பாமலே பேசினார். "வால்வுல நான் கையே வைக்கல்ல தங்கச்சி. பழுதான ஒரு கொண்டன்சர்தான் மாத்தின. இங்க ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கு, அதுல பாட்டு வந்திச்சி, தந்திட்டன்." அக்கா கேட்டபோது, சோதிக்கவென்று நல்ல வால்வொன்றைத் தந்தார்.

அதைப் போட்டதும் இரைச்சல் நின்றது. வெறுங்குடச் சத்தம் மட்டும் போகவில்லை. அக்கா, அத்தான் செய்து கண்டதுபோல, ஒலிபெருக்கிக் கம்பிகளை ஆம்பிளிபயரில் இருந்து கழற்றி, டோர்ச் பற்றரியை இரண்டு பக்கக் கம்பிகளிலும் ஒரே விதமாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றின் கடதாசிக் கூம்பு முன்னுக்கு வந்தது. மற்றதன் கூம்பு உள்ளே போனது. ஒன்றுக்கு நேர்க் கம்பியும் எதிர்க் கம்பியும் மாறிக் கிடந்தன. இரண்டும் எதிரெதிராகத் தள்ளியதால்தான் பாட்டு வெறுமையாகக் கேட்டிருக்கிறது.

அத்தானின் தம்பியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் இருத்திக் கேட்டார். "தம்பி, பெட்டிதான் கடைக்குப் போனது. ஸ்பீக்கர் இந்த வீட்டை விட்டு அசையேல்லை. மாறிக் கிடக்கிற அதின்ர கம்பியை நானும் தொடேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் படம் வைக்கவெண்டு பெட்டி இருந்த றாக்கையை இழுத்து, கம்பியைக் கழட்டிக் கொழுவினது நீங்கள் ஒராள்தான். பெட்டியைத் திறக்காமலே வால்வு மாறினது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் ஒப்புக்கொண்டார். "ஓம் அண்ணி. வால்வை நான்தான் எடுத்துப் பழசைப் போட்டனான். கொழும்பில ஒரு சிநேகிதன் ஆசைப்பட்டுக் கேட்டவன். ஒண்டுதானே, ஆருக்குத் தெரியப்போகுது எண்டு நினைச்சிட்டன்."

"வால்வு போனாப் போகட்டும். எழும்புங்கோ, கடைக்குப் போவம். அண்டைக்கு ஏசின அதே இடத்தில நிண்டு, அதே சத்தத்தில சொல்லுங்கோ."

அவர் சொன்னார். சந்தைக்கு வந்த சனம் நின்று கேட்டது. நானா அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். "தங்கச்சி, நீங்களும் என்னச் சந்தேகப்பட்டீங்களா?"

"ஓம் நானா, பட்டனான். அதாலதான் சோதிச்சுப் பாத்தனான்."

நானா மேசைக்கு முன்னால் கதிரைகளை இழுத்துப் போட்டார். பிறகு, "வெயிலுக்க நிக்காதீங்க, உள்ளுக்கு வாங்க" என்றார். கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் போன எல்லோரும் திரும்பி வரவில்லை. அது அக்காவுக்குக் கடைசிவரை மனவருத்தமாகவே இருந்தது.

சிறுநீரக நோயால் படுத்த பிறகும் அவர் மாறவில்லை. ஒவ்வொரு ஊசிமருந்தின் பெயரையும் கேட்டு, வாசித்துக் காட்டச் சொல்வார். சலிக்காமல் காட்டிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் நன்றி. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பிய நானாவின் வீட்டாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவருக்கும், புல்மோட்டையிலிருந்து வந்து நின்ற அக்காவின் அலுவலகத் தோழிகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

இன்னுமொருவர் இருக்கிறார். தனக்கு யார் கொள்ளி வைப்பது என்ற கதை வந்தபோது அக்கா அத்தானின் தம்பியைத்தான் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். "அவர் களவெடுத்தவர்தான். ஆனா அவ்வளவு சனத்துக்கு முன்னால தன்ர வாயால சொன்னவர். உங்களில ஆர் அப்பிடிச் சொல்லுவியள்?" என்று கேட்டார். 

கொள்ளி வைத்தவர் அவர்தான். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ மச்சாள்" என்றார்.