மரப்பாலத்துக்குப் பெயின்ட் அடித்த கதை

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே ஓடிய சிற்றாற்றின் மேல், கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருந்தது. ஓட்டுக் கூரை, இருபக்கமும் பலகை அடைப்பு, உள்ளே எப்போதும் அரையிருட்டு. ஆங்கிலேயர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் உள்ளே போனதும் குடையை மடக்கினோம்.

2009இன் பிற்பகுதியில் அதை அகற்றப்போவதாகக் கவுன்சில் அறிவிப்பு ஒட்டியது. பலகைகள் உளுத்து உக்கிவிட்டனவாம், பேருந்து நிறுத்தத்தருகே இரும்புப் பாலம் வருமாம். அதைப் படித்துப் பதறியவர் ஒருவர்தான். பாலத்தின் அக்கரை முனையில் கடை வைத்திருந்த அண்ணை. ஜெர்மனியில் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்து எடுத்த கடை. பாலத்தால் இறங்குகிறவர்களின் மூக்குக்கு நேரே அவருடைய முருங்கைக்காய்ப் பெட்டி இருக்கும். பாலம் போனால் சனம் பேருந்து நிறுத்தப் பக்கம் போய்விடும். அங்கே ஏற்கெனவே வேறொருவரின் முருங்கைக்காய் காத்திருந்தது.

அண்ணை எங்கள் தமிழ்ச் சங்கத்தைக் கூட்டினார். அந்த வருஷத்தின் முற்பாதியை, ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகைகளோடு தெருவில் நின்று கழித்து, ஒன்றும் நடக்காமல் வீடு திரும்பியவர்கள் நாங்கள். பதாகைகள் இன்னும் கார் டிக்கிகளில் கிடந்தன. ஒரு பாலத்தையாவது காப்பாற்றலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. சங்கத்துக்குத் தலைவர்கள் மூன்று பேர் என்பதால் தீர்மானமும் மூன்று முறை நிறைவேறியது.

கொழும்பில் பத்திரிகையில் இருந்தவன் என்பதால், கவுன்சிலுக்குப் பாலத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

“ராணி ஒருக்கா இதால நடந்தவ எண்டு போடும் தம்பி,” என்றார் அண்ணை.

“எந்த ராணி?”

“செத்த ராணி ஒண்டு. உயிரோட இருக்கிறவ எண்டால் கேட்டுப்போடுவாங்கள்.”

நூலகத்தில் தேடினேன். ராணி யாரும் வரவில்லை. ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் ஆலை ஒன்று இருந்திருக்கிறது. வெளுத்த துணியை அக்கரைக்குக் கொண்டுபோகையில் மழையும் புகைக்கரியும் படாதிருக்க முதலாளி கூரை போட்டிருக்கிறார். வெறுங்கையோடு போகிற ஆட்களுக்குப் பக்கத்தில் திறந்த பலகைப் பாதை. அவர்கள் நனையலாம். இதை அப்படியே எழுதினேன்.

அண்ணை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “துணிக்கோ கூரை? ராணி திறமாயிருந்திருக்கும்.”

ஆனால் ஆலைக்காலத்துப் பலகைகளில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கின்றன என்று நான் எழுதிய கடைசிப் பந்தி கவுன்சிலுக்குப் பிடித்துவிட்டது. பழைய கட்டடங்களை மதிப்பிடும் பெண் ஒருவர் திங்கட்கிழமை வருவார், பழைய மரம் போதிய அளவு இருந்தால் பாலம் தப்பும் என்றார்கள்.

அந்தச் சனி ஞாயிறு எனக்கு ஹவுன்ஸ்லோவில் ஷிப்ட். திங்கள் காலை ஆற்றங்கரைக்குப் போனபோது, பாலம் கண்ணில் படுமுன்பே பெயின்ட் மணம் வந்தது.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. அண்ணையின் மச்சான்மார் இருவர் கட்டட வேலைக்காரர்கள். உக்கிய பலகை, உக்காத பலகை எல்லாவற்றையும் கழற்றிப் புதுப்பலகை அடித்து, பளபளவென்று கோப்பி நிறம் பூசி, வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் கட்டியிருந்தார்கள். அனுமதி கேட்க வழியில்லை. கவுன்சிலில் சனி ஞாயிறு ஆள் இராது. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“அண்ணை, பழைய பலகையள் எங்கை?”

“பயப்பிடாதையும், ஒண்டும் மிச்சமில்லை. எல்லாத்தையும் குப்பை லொறியிலை ஏத்தியாச்சு. மனுசி வந்து உக்கலைப் பாத்தாச் சரிவருமே?”

“அவ உக்கலைப் பாக்கத்தான் அண்ணை வாறா.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?”

அந்தப் பெண் வந்தார். ஒரு பலகையைத் தொட்டார். கையுறையில் கோப்பி நிறம் ஒட்டியது. பழைய மரம் எங்கே என்று கேட்டார். எல்லாம் புதிது மேடம், பழையது ஒன்றுகூட இல்லை என்று அண்ணை ஆங்கிலத்தில் உறுதி கொடுத்தார். கொடுத்த வடையைச் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்றார் அந்தப் பெண். பிறகு கையிலிருந்த படிவத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

அடுத்த வருஷம் பாலத்தைப் பிரித்தார்கள். மச்சான்மார் அடித்த ஆணிகள் இலேசில் கழலவில்லை. கவுன்சில் வேலையாட்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். கொஞ்ச நாளில் அண்ணையின் கடையும் பூட்டப்பட்டது.

பிறகொரு நாள் அவரைக் கிங்ஸ்பரியில் கண்டேன். தெருக்கோடியில் சின்னக் கடை. அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த தட்டுகள் பளபளக்கும் கோப்பி நிறத்தில் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“ஓம், அதுதான். மச்சான் போய்க் கேட்டு ஏத்திக்கொண்டு வந்தவன். இன்னும் உக்கேல்லை பாத்தீரே?” முருங்கைக்காயைப் பையில் போட்டார். “அங்கை புதுப்பாலம் எப்பிடி?”

“இரும்பு. கூரையில்லை.”

“அப்ப மழைக்கு?”

“நனையிறம்.”

“நல்லா நனையும். நீர் என்ன, வெளுத்த துணியே?”