வாலில் ஒட்டுப் போட்ட விமானம்

போர்க்கால விமானங்களின் சின்ன மாதிரிகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் குண்டு போடும் விமானங்களைத்தான் தேடுவார்கள். எனக்கு அவற்றின் மேல் ஆசை வந்ததில்லை. அரிசி மூட்டைகளும் கோவேறு கழுதைகளும் காயம்பட்டவர்களும் ஏறி இறங்கிய சரக்கு விமானங்களை மட்டும் சேர்த்தேன். செம்பூரில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே, கண்ணாடி அலமாரியில் அவை நிற்கின்றன. பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு இது என்ன கிறுக்கு என்று என் கணவர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு தூசு தட்ட மெல்லிய பிரஷ் ஒன்றை அவரே வாங்கி வந்தார்.

ஒரு மனிதரைத் தாதர் நடைபாதையில் பழைய சாமான் கடையில் சந்தித்தேன். மாட்டுங்காக்காரர், வங்கி அதிகாரி. கடைக்காரர் விரித்திருந்த துணியில் டகோட்டா சரக்கு விமானத்தின் மாதிரி ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். "நீ எடுத்துக்கோம்மா, எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். பம்பாயில் சரக்கு விமானம் சேர்க்கும் இன்னொரு ஆள், அதிலும் தமிழ் பேசுகிறவர்! அன்று ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிறகு எது என் கண்ணில் பட்டாலும் முதலில் அவருக்குத்தான் போட்டோ அனுப்புவேன். எது அசல், எது பிற்காலத்தில் அச்செடுத்து வார்த்தது என்று அவர் சொல்வதே எனக்கு முடிவு. நானாக எதையும் தீர்மானித்ததில்லை.

நான் பல வருஷங்களாகத் தேடியது ஒரு மூன்று இஞ்சின் ஜெர்மன் விமானம். அதன் உடல் முழுக்க வரிவரியான தகடு. நான் பிறந்து வளர்ந்த தாராவி வீட்டுக் கூரையில் கிடந்த பத்ரா தகடு அச்சாக அப்படித்தான் இருக்கும். அதுவும் போரின்போதே உலோகத்தில் வார்த்த மாதிரி என்றால் கிடைப்பது அபூர்வம். கிளினிக்குக்கு வந்த ஒரு தாணேக்காரர், இறந்துபோன தன் அப்பாவின் அலமாரியை ஒழிப்பதாகச் சொல்லி, மொபைலில் சில படங்களைக் காட்டினார். அதில் அது இருந்தது. மூக்கு இஞ்சினின் விசிறியில் ஒரு இதழ் மட்டும் லேசாக மடங்கியிருந்தது.

மாட்டுங்காக்காரருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அவசரப்படாதே. ஞாயித்துக்கிழமை எனக்குத் தாணேயிலே ஒரு வேலை இருக்கு. நேர்லே பாத்துட்டுச் சொல்றேன்."

தாணேக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். ஞாயிறு சாயங்காலம் மாட்டுங்காக்காரர் கூப்பிட்டார்.

"பாத்துட்டேன். வேண்டாம், விட்டுடு. வால்லே ஒட்டுப் போட்டிருக்கு. பெயின்டும் புதுசு."

"நெசமாவா சார்? படத்துல நல்லா இருந்துச்சே."

"படத்திலே எல்லாம் நன்னாத்தான் இருக்கும்."

எனக்காக அவ்வளவு தூரம் போய்வந்தாரே என்று நன்றி சொன்னேன். தாணேக்காரருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. அது கூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் மாட்டுங்காக்காரர் ரயிலிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, "உள்ளே வாம்மா, ஃபேனுக்கடியிலே உக்காரு" என்று படுக்கையறைக்கு அழைத்துப் போனார். பேச்சோடு பேச்சாக, "அந்தத் தாணே பிளேன் வந்ததிலேருந்து இவர் குழந்தையாட்டம் ஆயிட்டார்" என்றார்.

"எந்த பிளேன் மாமி?"

"என்ன இப்படிக் கேக்கறே? உன்னையும் கூட்டிண்டுதானே போனார்?"

ஹாலிலிருந்து அவர் குரல் கேட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்கு? அவளுக்கு நேரமாகும், விடு." அவரால் எழுந்து வர முடியவில்லை. மாமி அதற்குள் பீரோவைத் திறந்து, மடித்த வேட்டிகளுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். விசிறியில் மடங்கிய இதழ். வரிவரியான உடல். வாலை விரலால் தடவினேன், திருப்பி வைத்து மறுபடியும் தடவினேன். எங்கும் ஒட்டு இல்லை.

அதைக் கையில் பிடித்தபடியே ஹாலுக்கு வந்தேன்.

"ஒட்டு எங்க சார் இருக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"கேட்டிருந்தா நானே உங்களுக்கு விட்டுக் கொடுத்திருப்பேனே சார். எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"விட்டுக் கொடுத்திருப்பே" என்றார். "அப்புறம் அதைப் பாக்கறப்பல்லாம் நீ குடுத்ததுன்னு இருக்கும். எனக்கு அது வேண்டாம்னு தோணித்து."

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. விமானத்தை டீப்பாயில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது. அந்த விமானம் போனதற்கு இவ்வளவு அழுகை வராது. மாமியிடம் நானும் கூடப் போனதாகச் சொல்லியிருக்கிறார், அது தாங்கவில்லை.

வீட்டில் அலமாரி முன்னால் போய் நின்றேன். உள்ளே இருந்த ஒவ்வொன்றும் அவர் சரி என்று சொன்னது. அவர் வேண்டாம் என்று தடுத்தவை என்னவெல்லாம் என்று யோசித்தேன். ஒரு கிளைடர், ஒரு ரஷ்ய விமானம். அவை இப்போது எந்த வேட்டிக்குப் பின்னால் இருக்கின்றனவோ! அசல் என்று அவர் உறுதி சொன்ன ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடிவயிற்றில் ஒரு கோடு ஓடியது, பிற்காலத்தில் அச்செடுத்து வார்த்ததுபோல. அவரே ஏமாந்தாரா, இல்லை தெரிந்தே சொன்னாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வாரம் கழித்து மாமி அந்த விமானத்தைத் துணியில் சுற்றி, தெரிந்த டாக்ஸி டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். "உன் ஆசைதானே, வெச்சுக்கக் கூடாதா?" என்று கணவர் கேட்டார். வீட்டுக்குள் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது நானாகவே பார்த்து வாங்குகிறேன். இரண்டு முறை ஏமாந்தேன். சமீபத்தில் தாதரில் நல்லதாக ஒன்று கிடைத்தது, அசல்தான் என்று நினைக்கிறேன். அதே வாரத்தில் அவர் போன் செய்தார், எதுவும் நடக்காததுபோல.

"என்னம்மா, புதுசா ஏதாவது சிக்கித்தா?"

மேசையில் அது என் எதிரே இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "இப்பல்லாம் நான் தேடுறதே இல்ல."