ஆரஞ்சு நிறம் போட்ட நாடு

ஐரோப்பாவின் பாதுகாப்பு வாரத்தில் ஐந்து நாள் என் பொறுப்பில் இருந்தது. முழு ஐரோப்பா அல்ல, பால்டிக் கடலைச் சுற்றியுள்ள சில நாடுகள் மட்டும். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் இருக்கும் அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்திருந்ததால், அந்த நாடுகளைக் கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து கவனித்துக்கொண்டேன். மதியம் குழந்தை தூங்கும்போது கூட்டறிக்கைகளைப் படிப்பேன். அவள் விழித்துவிட்டால் மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு எங்கள் அலுவலகம் வாரந்தோறும் ஆபத்து மதிப்பீடு அனுப்புகிறது. நாட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்தின் தலையில் ஒரு நிறம்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பக்கத்தை எழுதி நிறத்தைச் சொல்வது என் வேலை. வாடிக்கையாளர் யார் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர்களுக்குப் பிடித்த நிறத்தைப் போட்டுவிடுவோமாம். சந்தேகம் வந்தால் ஒரு நிறம் மேலே போட வேண்டும் என்பது விதி. எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமானவள் என்று ஆண்டு மதிப்பீட்டில் குறிப்பிட்டிருந்தார்கள்.

என் கணவருக்கு லிதுவேனியாவில் வேலை கிடைத்தபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அது நான் நிறம் போடும் நாடு, பரவாயில்லையா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மலையாளி, எங்களோடு பழகியதில் தமிழும் பேசுவார். "நல்லதாச்சு அல்லே, நமக்கு அங்க சொந்தமா ஒரு ஆளாச்சு" என்று சொல்லி இன்னொரு லட்டு எடுத்துக்கொண்டார்.

கணவர் முதலில் போவது, வேலை நிலைத்ததும் அவருடைய கம்பெனியே எங்கள் விசா, டிக்கெட், வீடு எல்லாவற்றையும் பார்த்து எங்களை அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அவர் கிளம்பியபோது பெண்ணுக்கு ஒன்றரை வயது. மூன்று வயதை நெருங்கும்போது அவளுக்கு அப்பா என்றால் போன். திரை இருண்டால் அப்பா தூங்குகிறார். பாட்டரி குறைந்தால் சார்ஜரை இழுத்துக்கொண்டு வருவாள்: "அப்பாக்குப் பசிக்கறது." நான் குழந்தை வளர்ப்புக் கட்டுரைகள் நிறையப் படிக்கிறவள். இதைப் பற்றி எதிலும் ஒன்றும் சொல்லப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கா, இனி அவரவர் பாதுகாப்பை அவரவரே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஐரோப்பாவிடம் சொல்லத் தொடங்கியது. மறுநாள் அப்படிச் சொல்லவில்லை என்றது. அதற்கு மறுநாள் கொஞ்சம் சொன்னதாக ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய அமைச்சர்கள் அடிக்கடி கூடினார்கள். ஒரு வாரம் பாரிஸ், இன்னொரு வாரம் வார்சா. ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டனும் வந்து உட்கார்ந்தது. வடக்கு நாடுகள் தனியாக வேறு கூடின. கூட்டத்துக்கு ஓர் அறிக்கை, அறிக்கை முழுக்கத் தளராத ஒற்றுமை.

ஒற்றுமையை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். எங்கள் அக்ரகாரத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் ஆணி அடித்தால் அந்த வீட்டில் காரை உதிரும். தெருவுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பலகை. 'நம் தெருவினர் என்றும்போல் ஒற்றுமையுடன்' என்று தொடங்கும் நோட்டீஸ் அதில் ஒட்டப்பட்டால், முந்தின கூட்டத்தில் யாரோ நாற்காலியைத் தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சண்டை இல்லாத வாரத்தில் தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் எழுதுவார்கள். இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்து நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

ஆகவே ஒரு வாரம், பத்திக்குப் பத்தி ஒற்றுமை என்று எழுதியிருந்த ஓர் அறிக்கையைப் படித்துவிட்டு லிதுவேனியாவை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தினேன். கூடவே ஒரு வாக்கியமும் எழுதினேன். குடை பிடித்திருப்பவர் கை வலிக்கிறது என்கிறார், கீழே நிற்பவர்கள் ஆளுக்கொரு கம்பியோடு வந்து புதுக் குடை செய்யப் பார்க்கிறார்கள், ஆனால் மழை காத்திருக்காது. திருவனந்தபுரத்தில் அன்று நல்ல மழை. வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

சில நாள் கழித்து, மாமியார் விளக்கேற்றிவிட்டு வந்து உட்காரும் வேளையில் கணவர் அழைத்தார். போனை வழக்கம்போல் டம்ளரில் சாய்த்து வைத்தோம். பெண் அவருக்கு ஒரு முறுக்கை நீட்டினாள்.

"நீங்க வரதை நிறுத்தி வெச்சுட்டா" என்றார்.

"யாரு?"

"கம்பெனிதான். ஆரஞ்சு போட்ட நாட்டுக்குக் குடும்பத்தை அழைச்சுண்டு வரமாட்டாளாம். வெளில யாரோ ஒருத்தன் வாராவாரம் கலர் போட்டுக் குடுக்கறானாம்."

"கலர் போடறானா? பெயிண்டரா?" என்றார் மாமியார்.

"இல்லம்மா, ஆபத்துக்குக் கலர். ஆனா கெட்டிக்காரன், சொல்லணும். ஆபீஸ்ல ஒருத்தி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. குடை பிடிச்சுண்டிருக்கறவன் கை வலிக்கறதுங்கறானாம், கீழ நிக்கறவாள்ளாம் ஆளுக்கொரு கம்பியோட..."

"...வந்து புதுக் குடை பண்ணப் பாக்கறா" என்று நான் முடித்தேன்.

"என்னடி இது, ரெண்டு பேரும் பாட்டு மாதிரி சேர்ந்து சொல்றேள்?" என்றார் மாமியார்.

"நான்தாம்மா அந்தப் பெயிண்டர்."

கணவர் முகம் அசையவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவருக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு பஸ் நகர்ந்தது.

"சரி" என்றார் கடைசியில். "மஞ்சள் போட்டுடேன்."

"அப்படிப் போட முடியாது."

"ஏன், மஞ்சள் தீந்து போச்சா?" என்றார் மாமியார். "கட்டினவன் அங்க, குழந்தை இங்க. உன் கைல இருக்கற கலர், உனக்கே போட்டுக்க முடியாதா? என்ன உத்தியோகம் இது பின்னே?"

கேமராவில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு எந்த நிறத்தையும் என்னால் நம்ப முடியவில்லை. ஆரஞ்சு போட்டது அறிக்கையைப் பார்த்தா, மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தா? மஞ்சள் போட்டால் அது அமைச்சர்களுக்காகவா, கணவருக்காகவா? இன்னொரு எண்ணமும் இருந்தது. ஆரஞ்சு இருக்கும்வரை நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பெண்ணை, போர் வரலாம் என்று பேசப்படும் ஓர் எல்லைக்கு அருகே அழைத்துப்போவதா வேண்டாமா என்பதை நிறமே பார்த்துக்கொண்டது. இதை மாமியாரிடம் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு நேரில் போய் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லட்டு சாப்பிட்டதையும் நினைவுபடுத்தினேன்.

"சாரமில்ல, கேட்டோ" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் முகம் அப்படிச் சொல்லவில்லை. "இனி அந்த நாட்டை நீ தொடண்டா. குடும்பமும் குழந்தையும் ஒண்ணும் இல்லாத ஒருத்தன் பார்க்கட்டும்."

அப்படி ஒருவன் இருந்தான். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். நான் வாரத்துக்கு ஒன்றாகப் படித்த அறிக்கைகளை, பழையவற்றையும் சேர்த்து, அவன் ஒரே மூச்சில் படித்தான். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டான்.

"எக்கா, இந்த ஒற்றுமைய வச்சா ஆரஞ்சு போட்டிய?"

"பத்திக்குப் பத்தி போட்டிருக்காளே."

"அவிய எப்பவும் போடுவாவ. சண்டை போட்டாலும் போடுவாவ, போடலேன்னாலும் போடுவாவ. லெட்டர்ல நலம், நலமறிய அவான்னு போடுவோம்லா, அது மாதிரி. அதைக் காணலேன்னாத்தான் பேடிக்கணும்."

பழைய அறிக்கைகளைக் காட்டினான். அமெரிக்காவோடு எல்லாம் சுமுகமாக இருந்த காலத்திலும் தளராத ஒற்றுமை தளராமல் இருந்தது. நான் ஐரோப்பாவை எங்கள் தெருப் பலகையாகப் படித்திருக்கிறேன்.

"அப்ப குடை?" என்றேன்.

"குடை கொஞ்சம் ஆடத்தான் செய்யுது. அதுக்குத்தானே இவிய இப்படிக் கூடிக்கூடிப் பேசுகாவ. கூட்டாளி நாட்டுப் படையெல்லாம் அங்க காவலுக்கு வந்து நிக்கு. நான் மஞ்சள்தான் போடப் போறேன்."

"உனக்கு ஒரு குழந்தை இருந்தா என்ன போடுவே?"

"பிள்ளை இருந்தா நான் நாகர்கோவிலுக்கே ஆரஞ்சு போடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

மஞ்சள் வந்தது. கணவரின் கம்பெனி ஏற்பாடுகளை மறுபடி தொடங்கியது. மஞ்சள் மங்களகரமானது, ஆரஞ்சு என்றபோதே தனக்குச் சரியாகப் படவில்லை என்றார் மாமியார். விசா மையத்தில் எனக்கும் பெண்ணுக்கும் நேரம் குறிப்பது மட்டும் என் கையில் இருந்தது. அதற்கான இணையப் பக்கத்தைப் போனில் திறப்பேன், மூடுவேன். அந்த வார மதிப்பீட்டை இன்னொரு முறை படிப்பேன். அவன் எழுத்தில் ஒரு குடைகூட இல்லை. அது நல்லதா என்று தெரியவில்லை.

ஒரு காலை, பக்கம் திறந்திருந்தபோது மாமியார் கோவிலிலிருந்து வந்தார்.

"பலகைல நோட்டீஸ் ஒட்டியிருக்கா. என்றும்போல் ஒற்றுமையுடன்."

"அது சும்மா வழக்கமாப் போடறதும்மா" என்றேன். புதிதாகக் கற்றிருந்தேன்.

"சும்மாவா? நேத்து கூட்டத்துல தெருக் கேட்டுக்குப் பூட்டு போடற விஷயத்துல நம்ம பக்கத்தாத்துக்காரரும் அவருக்கு அடுத்தாத்துக்காரரும் சட்டையைப் பிடிச்சுண்டுட்டா. தடுக்கப் போனவருக்கு மூக்குக் கண்ணாடி போச்சு."

என் விரல் திரைக்கு மேல் நின்றது. அப்படியானால் நான் முதலில் படித்ததுதான் சரியோ?

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? காலம்பற ரெண்டு பேரும் சேர்ந்து பூட்டு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கா. எங்க போவா பின்னே? நடுல இருக்கறது ஒரே சுவர்தானே."

அவர் பிரசாதத்தை வைக்க உள்ளே போனார். பெண் சார்ஜரோடு வந்து என் கையிலிருந்த போனைப் பிடித்து இழுத்தாள். அப்பாவுக்குப் பசிக்கிறதாம். கொடுப்பதற்கு முன் பொத்தானை அழுத்தினேன்.

உறுதி செய்யப்பட்டது என்று பச்சை நிறத்தில் வந்தது. அது யார் போட்ட நிறம் என்று தெரியவில்லை.